இரண்டு தராசு

கடை வைத்திருக்கும் எவருக்கும் இதைச் சொல்லித் தெரிவிக்க வேண்டியதில்லை. கொள்முதலுக்கு ஒரு தராசும் விற்பனைக்கு வேறொரு தராசும் வைத்திருப்பவனை நாம் வியாபாரி என்று சொல்லுவதில்லை. அவனுக்கு வேறு பெயர் உண்டு. அளவையில் மோசம் செய்வோரை நம் வேதம் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை நாம் சிறு வயதிலேயே ஓதி அறிந்திருக்கிறோம். அரசாங்க அதிகாரி வந்து தராசில் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்பே அந்த அச்சம் நம் மனத்தில் இருக்கிறது. கிள்ளானில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லாவில் உட்கார்ந்தவன் என்ற முறையில், நம்மவர்களில் பெரும்பாலோர் இந்த விஷயத்தில் சுத்தமானவர்கள் என்று துணிந்து சொல்லுவேன்.

சரக்கை நிறுக்கும் தராசு சரியாக இருக்கிறது. மனிதரை நிறுக்கும் தராசு? அங்கே நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறதா, இரண்டு இருக்கின்றனவா? இந்தக் கேள்வியை நானாக எழுப்பவில்லை. என் பேத்தி எழுப்பினாள்.

அவளுக்கு வயது பதினெட்டு. உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். எங்கள் குடும்பத்தில் ஆண்பிள்ளைகளிலேயே அத்தனை உயரம் எவரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் கூடைப்பந்து ஆடுகிறாள். நீண்ட கையும் நீண்ட காலும் மூடிய உடையில், தலையை மறைத்துக்கொண்டுதான் ஆடுகிறாள். அவளுடைய பயிற்சியாளர் சீனப் பெண்மணி. அவர் சென்ற மாதம் என் மகனைச் சந்தித்து, வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் உதவிச் சம்பளத்தோடு படித்துக்கொண்டே ஆட இவளுக்கு இடம் கிடைக்கக்கூடும், நன்றாக ஆடினால் பிறகு சம்பளத்திற்கு ஆடும் வாய்ப்பும் உண்டு, விண்ணப்பம் போடலாமா என்று கேட்டார். மகன் பதில் சொல்லாமல் என்னிடம் வந்தான்.

"அத்தா, நீங்களே சொல்லுங்க" என்றான்.

நான் வழக்கமான பதிலைச் சொன்னேன். பொம்பளைப் பிள்ளை, தூரதேசம், விளையாட்டுக்காகப் போவதா என்றேன். பக்கத்தில் நின்ற பேத்தி கோபப்படவில்லை. மெல்லக் கேட்டாள்.

"நன்னா, உங்க அத்தா மலாயாவுக்குக் கப்பல் ஏறினப்ப யாரைக் கேட்டுக்கிட்டுப் போனாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று முதல் இதையே எண்ணிக்கொண்டிருக்கிறேன். எண்ணியதைச் சகோதரர்கள் முன் வைக்கிறேன்.

முதலில் இந்த விளையாட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. கூடைப்பந்து பிறந்தது 1891-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில். அங்கிருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஆசிரியராக இருந்த ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்பவர், குளிர்காலத்தில் மாணவர்கள் கட்டடத்துக்குள்ளேயே ஆடுவதற்கு ஒரு விளையாட்டு வேண்டுமென்று பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் அடித்து வைத்தார். இன்றும் வளையம் அதே பத்தடி உயரத்தில்தான் இருக்கிறது. தோன்றிய சிறிது காலத்திற்குள்ளேயே பெண்கள் கல்லூரியிலும் அதை ஆடத் தொடங்கிவிட்டார்கள். ஒய்.எம்.சி.ஏ. சென்ற இடமெல்லாம் ஆட்டமும் சென்றது. சென்னையில் 1920-ல் ஹாரி குரோ பக் என்பவர் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்பயிற்சிக் கல்லூரி நம் நாட்டுப் பள்ளிகளுக்கு விளையாட்டு ஆசிரியர்களைத் தயாரித்து அனுப்பியது. நம் பிரிக்ஃபீல்ட்ஸில் உள்ள ஒய்.எம்.சி.ஏ.வும் அந்த ஸ்தாபனத்தின் கிளைதான். மலேசியாவில் இவ்வாட்டத்தைப் பெரிதும் போற்றி வளர்த்தவர்கள் சீனச் சமூகத்தார். 2017-ல் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசியப் போட்டியில் மலேசியப் பெண்கள் இதில் தங்கம் வென்றார்கள். ஆகவே இது நமக்கு அந்நியமான ஆட்டம் அன்று. நம் கடைக்கு எதிரிலேயே நடப்பது. நாம் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

ஓர் அணியில் ஒரே சமயத்தில் ஐந்து பேர் ஆடுவார்கள். அவர்களில் ஒருவருக்கு ‘சென்டர்’ என்று பெயர். வழக்கமாக அணியிலேயே உயரமானவர் அவர்தாம். வளையத்தின் அடியில் நின்று, குறி தவறித் திரும்பும் பந்தைப் பறிப்பது, எதிரி எறியும் பந்தைத் தடுப்பது, தம் கூட்டாளி ஓடுவதற்கு வழி உண்டாக எதிரியின் பாதையில் தூண்போல் நின்று மோதலைத் தாங்குவது ஆகியவை அவர் வேலை. இவற்றில் பந்தைப் பறித்ததும் தடுத்ததும் கணக்கில் ஏறும். தாங்கிய மோதல் புள்ளிக் கணக்கில் ஏறாது. அந்த இடத்தைப் பயன்படுத்திப் பந்து எறிந்தவர் பெயருக்கே புள்ளி போகும். கணக்கில் ஏறாத இந்த உழைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்குத் திரும்பி வருவேன்.

பேத்தியின் அறையில் ஒரு பெண்ணின் படம் ஒட்டியிருக்கிறது. யாரென்று கேட்டேன். கீத்து அன்னா ஜோஸ் என்றாள். 1985-ல் பிறந்தவர். கேரளத்துக் கோட்டயத்துப் பெண். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். சென்னையில் தெற்கு ரயில்வேயில் உத்தியோகம் பெற்று அதன் அணிக்கும் இந்திய அணிக்கும் ஆடினார். விளையாட்டுத் திறமைக்காகப் பிள்ளைகளுக்கு வேலை கொடுப்பது இந்திய ரயில்வேயில் நெடுநாள் வழக்கம். அந்த வேலையை நம்பித்தான் இந்தியாவில் கூடைப்பந்து ஆடிய பல பெண்கள் வாழ்ந்தார்கள். சென்னைப் பெண் அனிதா பால்துரையும் அப்படித் தெற்கு ரயில்வேயில் இருந்து, நெடுங்காலம் இந்திய அணிக்கு ஆடித் தலைமை தாங்கி, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

கீத்து 2006 முதல் 2008 வரை ஆஸ்திரேலியாவில், மெல்போர்ன் நகரை ஒட்டிய ரிங்வுட் ஊரின் ‘ஹாக்ஸ்’ அணிக்காக ஆடினார். விக்டோரியா மாநிலத்து ‘பிக் வி’ லீக்கில் ஆடிய அணி அது. இருபத்தொரு வயதில் கடல் கடந்து போய் அந்நிய அணியில் ஆடியவர். பிறகு 2011-ல் அமெரிக்காவின் பெண்கள் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான டபிள்யூ.என்.பி.ஏ.விலிருந்து சிகாகோ, லாஸ் ஏஞ்சலிஸ், சான் அன்டோனியோ ஆகிய மூன்று நகர அணிகள் அவரைத் தேர்வு ஆட்டத்திற்கு அழைத்தன. இந்தியப் பெண் ஒருவருக்கு இத்தகைய அழைப்பு கிடைத்தது அதுவே முதல் தடவை. போனார், ஆடிக் காட்டினார். ஓர் அணியும் அவரை எடுத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்தார். பின்னர் தாய்லாந்திலும் சம்பளத்திற்கு ஆடினார். 2014-ல் இந்திய அரசாங்கம் அவருக்கு அர்ஜுனா விருது அளித்தது.

இவ்வளவுதான் கதை. இந்தக் கதையை நம் இரண்டு தராசிலும் வைத்துப் பார்ப்போம்.

முதலாவதாக, உயரம். "அவள் உயரமாகப் பிறந்தாள், அதனால் ஆடுகிறாள், இதில் அவள் சாமர்த்தியம் என்ன?" என்று என் நண்பர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விபோல் தோன்றும். உயரத்தை எவரும் உழைத்துச் சம்பாதிப்பதில்லை. அது கொடுக்கப்பட்டது. நாமோ? நம்மில் எத்தனை பேர் தகப்பன் வைத்துவிட்டுப் போன கடையில் உட்கார்ந்தோம்? அந்தக் கடையை நாம் சம்பாதித்தோமா? அதுவும் கொடுக்கப்பட்டதுதான். ஆனால் கடை கிடைத்தவர் எல்லாரும் வியாபாரி ஆகிவிடவில்லை. ஒரே தெருவில், ஒரே அளவு முதலோடு இரண்டு பிள்ளைகள் தொடங்கினார்கள். ஒருவன் வளர்ந்தான், ஒருவன் கதவை மூடினான். முதல் என்பது வேறு, அதைப் புரட்டும் உழைப்பு வேறு. உயரம் முதல். நாளுக்கு எத்தனையோ நூறு தடவை குதித்து, விழுந்து, முழங்கால் வீங்கி, மறுநாளும் மைதானத்திற்குப் போவது உழைப்பு. ஆண்பிள்ளைக்குக் கிடைத்த முதலை ‘பாக்கியம்’ என்றும், பெண்பிள்ளைக்குக் கிடைத்த முதலை ‘இதில் என்ன சாமர்த்தியம்’ என்றும் சொன்னால், அது இரண்டு தராசு.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இந்தியாவில் ஆறடி இரண்டு அங்குலம் என்றால் வளையத்தடியில் ராணி. அமெரிக்காவில் அப்படியன்று. அந்த நாளில் சிகாகோ அணியின் சென்டராக இருந்த சில்வியா ஃபவுல்ஸ் ஆறடி ஆறு அங்குலம். ஊரில் முதல் தரம் என்று மூட்டை கட்டிய சரக்கு, துறைமுகத்தில் இறங்கியதும் இரண்டாம் தரமாக நிற்பதை நாம் பார்த்ததில்லையா? சரக்கு மாறவில்லை, சந்தை மாறிவிட்டது. இந்த உண்மையை எதிர்கொண்டு நிற்பதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

இரண்டாவதாக, வெற்றி தோல்வி. "மூன்று இடத்துக்குப் போய் ஓரிடமும் கிடைக்காமல் திரும்பியவளையா நம் பிள்ளை படமாக ஒட்டி வைத்திருக்கிறாள்?" என்று நானே மனத்திற்குள் கேட்டுக்கொண்டேன். பிறகு கணக்குப் பார்த்தேன். அந்த ஆண்டு அந்த லீக்கில் இருந்தவை 12 அணிகள். அணிக்கு 11 இடம். ஆக, உலகத்துப் பெண்கள் அனைவருக்குமாக இருந்தவை 132 நாற்காலிகள். ஏற்கெனவே அமர்ந்திருப்பவர்களை எழுப்பித்தான் புதிதாக ஒருவர் உட்கார வேண்டும். அந்த அறையின் கதவு வரை ஒருத்தி நடந்து போயிருக்கிறாள்.

நம் சபுராளிகளின் வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏறியவர் எல்லாரும் முதலாளியாகத் திரும்பினார்களா? கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியா பக்கத்தில் கடை போட்டவர்களை நாம் எண்ணுகிறோம். அந்தக் கடைகளின் பின்கட்டில் பாய் விரித்துப் படுத்து, இருபது ஆண்டு சிப்பந்தியாகவே இருந்து, பெட்டியில் நான்கு கைலியோடு ஊர் திரும்பியவர்களை எண்ணுவதில்லை. ஆயினும் அவர்களை ஊரில் எவரும் இகழவில்லை. "பாவம், முயன்றான், நஸீபு இல்லை" என்றார்கள். வீட்டில் உட்கார வைத்துத் தேநீர் கொடுத்தார்கள். ஆணின் தோல்விக்கு நாம் வைத்திருந்த அந்தக் கனிவு, பெண்ணின் தோல்விக்கு ஏன் இல்லை? அவள் வென்றால் "பார்த்தீர்களா" என்று பெருமை கொள்ளவும், தோற்றால் "அப்போதே சொன்னேன்" என்று சொல்லவும் காத்திருக்கிறோம்.

மூன்றாவதாக, பணமும் ஆபத்தும். வியாபாரிகளாகிய நாம் இதைப் பேசாமல் விட முடியாது. பெண்கள் கூடைப்பந்தில் நெடுங்காலமாக ஒரு விசித்திரம் இருந்தது. உலகத்திலேயே தலைசிறந்த லீக் அமெரிக்காவில். நல்ல கூலியோ வேறு நாடுகளில். டயானா டவுராசி என்ற புகழ்பெற்ற அமெரிக்க வீராங்கனைக்கு 2015-ல் சொந்த நாட்டு லீக்கில் ஒரு பருவத்துக்குக் கிடைக்கக்கூடியது ஏறத்தாழ 1,07,000 டாலர். ரஷ்ய அணி ஒன்று அவருக்கு ஏறத்தாழ 15 லட்சம் டாலர் கொடுத்தது. "அந்த ஆண்டு உங்கள் நாட்டில் ஆடாமல் ஓய்வெடுத்துக்கொள்ளுங்கள்" என்றும் கேட்டுக்கொண்டது. அவரும் ஒப்புக்கொண்டார். விலை கிடைக்கும் சந்தைக்குச் சரக்கு போகும். இது நமக்குப் புதிதா? இராமநாதபுரத்திலும் நாகப்பட்டினத்திலும் பிழைப்புக் கிடைத்திருந்தால் நம் பாட்டன்மார் ஏன் ‘ரஜூலா’ கப்பலின் மேல்தளத்தில் பாயோடும் பெட்டியோடும் படுத்துக் கிடந்தார்கள்?

ஆபத்தும் உண்மைதான். அதே ரஷ்யாவில் ஆடிவந்த பிரிட்னி கிரைனர் என்ற அமெரிக்க சென்டர், 2022 பிப்ரவரியில் மாஸ்கோ விமான நிலையத்தில் கைதானார். அவர் பெட்டியில் கஞ்சா எண்ணெய் அடங்கிய குப்பிகள் இருந்தன. ஆகஸ்டில் ஒன்பது ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. டிசம்பரில் இரு நாட்டு அரசாங்கங்களும் கைதிகளை மாற்றிக்கொண்டபோதுதான் வீடு திரும்பினார். இறங்கும் நாட்டின் சட்டம் தெரியாமல், அல்லது தெரிந்தும் கவனமின்றி, பெட்டி கட்டக்கூடாது என்பதே இதன் பாடம். இந்தப் பாடம் ஆணுக்கும் உரியது, பெண்ணுக்கும் உரியது. சுங்கத்தில் மாட்டிக்கொண்ட நம் ஆண்பிள்ளைகள் இல்லையா? அதற்காக ‘இனி எந்த ஆண்பிள்ளையும் கடல் தாண்டக்கூடாது’ என்று எந்த ஜமாஅத்தாவது தீர்மானம் போட்டதுண்டா?

நான்காவதாக, உடை. இதுதான் நம்மவர்களில் பலருக்கு உண்மையான தடை. இதை நான் அற்பமாக நினைக்கவில்லை. பில்கிஸ் அப்துல் காதிர் என்ற பெண்ணின் வரலாற்றைப் பேத்தி எனக்குச் சொன்னாள். கூடைப்பந்து பிறந்த அதே ஸ்பிரிங்ஃபீல்டு நகரத்து முஸ்லிம் பெண். பள்ளிப் பருவத்திலேயே 3,000-க்கும் அதிகமான புள்ளிகள் எடுத்து மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பழைய கணக்கையெல்லாம் முறியடித்தவர். தலையை மறைத்த உடையிலேயே அமெரிக்கப் பல்கலைக்கழக அணிகளில் ஆடினார். 2014-ல் படிப்பு முடிந்து, வெளிநாடு சென்று சம்பளத்திற்கு ஆட முற்பட்டபோது வழி அடைபட்டது. ஆட்டத்தின்போது தலையை மறைக்கக்கூடாது என்பது அனைத்துலகக் கூடைப்பந்துச் சம்மேளனத்தின் விதி. அதே 2014-ல் தென்கொரியாவின் இன்சியோன் நகரில் நடந்த ஆசியப் போட்டியில், அந்த விதியை ஏற்க மறுத்து கத்தார் நாட்டுப் பெண்கள் அணி ஆடாமலே வெளியேறியது.

பில்கிஸ் தலைத்துணியை எடுக்கவில்லை. தொழிலை விட்டார். ஆனால் வாய்மூடி இருக்கவில்லை. அவரும் வேறு பலரும் தொடர்ந்து முறையிட்டார்கள். 2017 மே மாதம் சம்மேளனம் விதியை மாற்றியது. அந்த ஆண்டு அக்டோபர் முதல் தேதியிலிருந்து தலையை மறைத்து ஆட அனுமதி வந்தது. அவருக்கு அது காலம் கடந்த அனுமதி. பின்னால் வருகிற பெண்களுக்கு அது திறந்த கதவு. என் பேத்தி இன்று தலையை மறைத்துக்கொண்டு அனைத்துலகப் போட்டியைக் கனவு காண முடிகிறதென்றால், அதற்கு விலை கொடுத்தவர் அவர். கொள்கைக்காக லாபத்தை விட்டவன் என்று ஓர் ஆண் வியாபாரியைப் பற்றிக் கேள்விப்பட்டால் மேடை போட்டுப் பாராட்டுவோம். இந்தப் பெண்ணின் பெயரை நம் கூட்டங்களில் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்?

இனி, ஐந்தாவது. பேத்தியின் கேள்விக்குப் பதில் இங்கேதான் கிடைத்தது. அது எனக்கு இனிப்பாக இல்லை.

என் அத்தா போருக்கு முன்பே மலாயா வந்தவர். போர் முடிந்து ஊர் திரும்பி, மணம் செய்து, மீண்டும் கப்பலேறினார். நான் பிறந்தது 1953-ல். அவரை முதன் முதலாகப் பார்த்தது 1957-ல், எனக்கு நான்கு வயதானபோது. "இவரு யாரும்மா?" என்று கேட்டேனாம். பத்து வயதில் என்னை இங்கே அழைத்துக்கொண்டார். அம்மா ஊரிலேயே இருந்தார். மணமாகி இறக்கும் வரை அவர்கள் இருவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தேன். ஆறு ஆண்டுகூடத் தேறவில்லை. அத்தாவின் கடிதம் வந்தால் அதை வாசிக்க மோதினார் மகன் வருவான். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது. அடுத்தவர் வாயால் வாசிக்கப்படும் கடிதத்தில் ஒரு கணவன் மனைவிக்கு என்ன எழுத முடியும்? "நலம். நலமறிய ஆவல். பணம் அனுப்பியுள்ளேன்." அதற்கு மேல் ஒன்றும் இராது. மாமியாரைப் பார்த்தது, பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தபோது இரவில் தூக்கிக்கொண்டு நடந்தது, நிலத்தகராறுக்குப் பதில் சொன்னது எல்லாம் அம்மா.

கிள்ளானில் நாங்கள் வளர்த்த கடையின் பேரேட்டில் அத்தாவின் உழைப்பு இருக்கிறது. என் உழைப்பும் இருக்கிறது. அம்மாவின் பெயரில் ஒரு வரிகூட இல்லை. வளையத்தடியில் மோதலைத் தாங்கி நின்று, புள்ளியை அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கும் ஆட்டக்காரரைப் பற்றி முன்னே சொன்னேனே, அவர் நினைவு இங்கேதான் எனக்கு வந்தது. நம் தலைமுறைகளின் வியாபாரம் முழுவதும் அப்படி ஊரில் நின்று தாங்கிய பெண்களின் மேல் நடந்தது. அவர்களிடம் எவரும் ‘போகட்டுமா’ என்று கேட்கவில்லை. அத்தா யாரைக் கேட்டுக்கொண்டு போனார் என்ற கேள்விக்கு விடை இதுதான்: கேட்க வேண்டியவரைக் கேட்கவில்லை.

ஆகவே பேத்தி வெளிநாடு போவதை நான் மறுத்தபோது, என் மனத்தில் இருந்தது முழுவதும் அவளைப் பற்றிய கவலைதானா என்று யோசித்தேன். கவலை இருந்தது, பொய் சொல்லவில்லை. ஆனால் அதன் அடியில் வேறொன்றும் இருந்தது. நம் குடும்பங்களில் ஆண் போவான், பெண் காத்திருப்பாள். இவள் போனால், காத்திருப்பது நானும் என் மகனும் ஆகிவிடுவோம். தொலைபேசி வருமா என்று பார்த்துக்கொண்டு, காய்ச்சலா, சாப்பிட்டாளா என்று தவித்துக்கொண்டு உட்காரும் முறை எங்களுக்கு வரும். அந்த வேலையை நாங்கள் பழகவில்லை. நான் ‘அவளுடைய பாதுகாப்பு’ என்று பெயரிட்டு விற்ற சரக்கில், பாதி என்னுடைய வசதி. இதைத்தான் கலப்படம் என்பார்கள்.

சகோதரர்கள் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வேற்றுமையே இல்லை என்று வாதாட நான் வரவில்லை. தனியாக இருக்கும் பெண்ணுக்கு ஆணுக்கு இல்லாத ஆபத்துக்கள் சில உண்டு. அவற்றைக் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். பதினெட்டு வயதில் துணையின்றிப் போகலாமா, எவரோடு தங்குவது என்பதை மார்க்கம் அறிந்த பெரியவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொள்வதும் கடமை. ஒரே தராசு என்றால் எல்லாச் சரக்கும் ஒரே எடை என்று பொருளல்ல. முள் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதைக் கைவைத்து மாற்றாமல் இருப்பது என்றே பொருள். நிறுத்துப் பார்த்து ‘வேண்டாம்’ என்று முடிவானால் அதுவும் நியாயமே. நிறுக்காமலே ‘வேண்டாம்’ என்பதுதான் அநியாயம்.

அப்படியானால் எவற்றைக் கேட்பது? மகனைச் சிங்கப்பூருக்கோ சவூதிக்கோ அனுப்பும்போது நாம் கேட்க வேண்டியவற்றையே கேட்போம். அழைக்கிறவர் யார், நம்பத்தக்கவரா? ஒப்பந்தம் எழுத்தில் இருக்கிறதா, அதை விஷயம் தெரிந்த ஒருவர் வாசித்தாரா? தங்குமிடம் எங்கே, அதே ஊரில் நம்மவர் குடும்பம் எது? தொழுகைக்கும் ஹலாலான உணவுக்கும் உடைக்கும் இடைஞ்சல் உண்டா? உடம்புக்குக் காயம் வந்தால் வைத்தியச் செலவு யாருடையது? ஆடும் தொழில் பெரும்பாலும் முப்பத்தைந்து வயதுக்குள் முடிந்துவிடும். அதற்குப் பின் கையில் என்ன இருக்கும், படிப்பா, வெறும் படமா? தெற்கு ரயில்வேயின் உத்தியோகம் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்பதை இங்கே நினைக்க வேண்டும். கடைசியாக, கிடைக்காமல் திரும்பி வந்தால் நாம் அவளை எப்படி வரவேற்போம்? இக்கேள்விகளில் ஒன்றுகூடப் பெண்பிள்ளைக்கென்று தனியாக உண்டாக்கியதில்லை. உண்மையில், நம் ஆண்பிள்ளைகளை அனுப்பியபோது இவற்றில் பாதியை நாம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் ஏஜெண்டுகளிடம் ஏமாந்து நின்றவர்கள் குறைந்திருப்பார்கள்.

இவற்றையெல்லாம் ஒரு தாளில் எழுதி, சென்ற வாரம் அந்தப் பயிற்சியாளர் அம்மாவிடம் மகனும் நானும் போனோம். அவர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். இரண்டுக்குப் பதில் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னதால் அவர்மேல் எனக்கு நம்பிக்கை உண்டாயிற்று. மருமகளிடமும் கேட்டோம். எங்கள் வீட்டில் இப்படியொரு விஷயத்தில் ஒரு தாயிடம் கேட்டது இதுவே முதல் தடவை என்று நினைக்கிறேன். அவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அவ போனா எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும் மாமா. ஆனா போகாம இருந்தா அவளுக்குக் கஷ்டமா இருக்கும். என் கஷ்டத்தை நான் பார்த்துக்குவேன்" என்றாள்.

விண்ணப்பம் போயிருக்கிறது. இடம் கிடைக்கலாம்; கிடைக்காமலும் போகலாம். அங்கே இவளுடைய ஐந்தடி பதினோரு அங்குலம் சாதாரண உயரமாக இருக்கலாம். அதை அவளிடமும் சொன்னேன். "தெரியும் நன்னா, கீத்து அக்காவுக்கும் அப்படித்தானே ஆச்சு" என்றாள். தோல்வி என்னவென்று தெரிந்துகொண்டு புறப்படுகிற பிள்ளையை எதைச் சொல்லித் தடுப்பது?

நம் கடைகளில் மாலையில் கல்லாவைக் கணக்குப் பார்த்து மூடுகிறோம். அந்த நேரத்தில் ஒரு நாள், சரக்குத் தராசைத் துடைத்து வைக்கும்போது, வீட்டில் நாம் வைத்திருக்கும் மற்றத் தராசையும் ஒரு முறை எண்ணிப் பார்ப்போம். அது ஒன்றாக இருந்தால் அல்ஹம்துலில்லாஹ். இரண்டாக இருந்தால் ஒன்றை எடுத்துப் போட்டுவிட வேண்டியதுதான். முத்திரை பார்க்க எந்த அதிகாரியும் அங்கே வரமாட்டார். வீட்டுப் பிள்ளைகள் மட்டும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.